குறைகுடத்தின் வரலாறு

நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும். பள்ளிக்கூடத்தில் இதை மனிதர்களைப் பற்றிய பழமொழியாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அதிகம் தெரிந்தவர் அடக்கமாக இருப்பார், அரைகுறை ஆடும் என்று. எனக்கு என்னவோ இதை முதலில் சொன்னவர் நிஜமாகவே குடம் சுமந்த ஒரு பெண்ணாகத்தான் இருந்திருப்பார் என்று தோன்றுகிறது. முழுக்குடம் இடுப்பில் கனக்கும், ஆனால் நடக்க விடும். முக்கால் குடம் கனம் குறைவு, ஆனால் ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு பக்கமாக இழுக்கும். இயற்பியல் பாடத்தில் இதற்குத் தனி அத்தியாயம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் ஊர் இடுப்புகளுக்கு இந்த விஷயம் தெரியும்.

அந்தக் குடத்தைப் பன்னிரண்டாயிரம் லிட்டர் ஆக்குங்கள். ஆறு சக்கரம் வையுங்கள். திண்டுக்கல் வத்தலக்குண்டு ரோட்டில் காலை எட்டரை மணிக்கு ஓட்டுங்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

திண்டுக்கல்காரர்களுக்குத் தண்ணி லாரி ஒரு பருவம் மாதிரி. மாம்பழம் வருவதுபோல, திருவிழா வருவதுபோல, மாசி பங்குனியில் அது தெருவுக்குள் வரும். அதன் பின்னால் சொட்டிக்கொண்டே போகும் ஈரக்கோட்டை வைத்து எந்தத் தெருவுக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். பார்த்துப் பழகிய பொருளுக்கு வரலாறு உண்டு என்று நாம் நினைப்பதில்லை. இந்த லாரிக்கு இரண்டு வரலாறுகள் இருக்கின்றன. ஒன்று, திரவத்தை வண்டியில் ஏற்ற மனிதர்கள் பட்ட பாடு. இன்னொன்று, கிணறு இருந்த ஊருக்கு லாரி ஏன் வந்தது என்பது.

மூன்றரை நொடி

முதலில் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். செங்கல் லோடு பிரேக் போட்டால் வண்டியோடு சேர்ந்து நிற்கும். தண்ணீர் நிற்காது. வண்டி நின்ற பிறகும் அது முன்னால் ஓடும், தொட்டியின் முன்சுவரில் மோதும், திரும்பும், பின்சுவரில் மோதும், மறுபடி வரும்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை? ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம் ஆழத்தோடு புவியீர்ப்பு முடுக்கத்தைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும். தொட்டியின் நீளம் 5 மீட்டர், உள்ளே தண்ணீர் 80 சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2.8 மீட்டர். போய்வர 10 மீட்டர். மூன்றரை நொடிக்குச் சற்று மேல். அதாவது சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, ஒரு மூச்சு விடும் நேரம். அந்த நேரத்தில்தான் ஐந்தாறு டன் எடை பின்னால் போய்விட்டு மறுபடி முன்னால் வந்து முட்டுகிறது. ஈரச் சாலையில் நின்ற வண்டியை ஓரடி தள்ளிவிட அது போதும். முன்னால் ஒரு டூவீலர் நின்றிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு மருந்து உண்டு. தொட்டிக்குள் குறுக்கே துளையிட்ட தகடுகளை நிறுத்துவார்கள். தண்ணீர் துளை வழியாகப் போகலாம், ஆனால் கும்பலாகப் போக முடியாது. பழைய பால்காரர்கள் கேனின் வாயில் வைக்கோலைச் செருகிக்கொண்டு சைக்கிள் மிதித்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த யோசனை புதிதல்ல. இன்றைய பால் டேங்கர்கள் பலவற்றில் இந்தத் தகடுகள் இருக்காது. மூலை முடுக்கில் பால் தங்கினால் கெட்டுவிடும், கழுவ முடியாது. சுத்தத்துக்காக வழுவழுப்பான தொட்டி, அதனால் தளும்பல் அதிகம். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் குறுக்குத் தகடு முன்பின் ஓட்டத்தைத்தான் தடுக்கும். பக்கவாட்டுத் தளும்பலை அது கண்டுகொள்வதில்லை. இரண்டு மீட்டர் அகலத் தொட்டியில் அதே ஆழத்துத் தண்ணீர் இடமும் வலமும் ஆட இரண்டு நொடிகூட ஆகாது. குறுக்கே வந்த ஆட்டோவுக்காக ஸ்டியரிங்கை ஒடித்து, உடனே நேராக்குவதற்கு ஆகும் நேரமும் கிட்டத்தட்ட அதுதான். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயரே போகுமே, அதே கதை. முதல் ஒடிப்பில் தண்ணீர் ஒரு பக்கம் ஏறும். இரண்டாவது ஒடிப்பில் அது திரும்பி வரும்போது வண்டியும் அதே பக்கம் சாயும். டேங்கர்கள் கவிழும்போது ஓட்டுநர் வேகமாகப் போயிருப்பார் என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். வேகத்தைவிடப் பல நேரங்களில் தாளம்தான் காரணம்.

தோல், தகரம், இரும்பு

திரவத்தை நகர்த்துவது எப்போதுமே தலைவலியாகத்தான் இருந்திருக்கிறது. நம் ஊர்ப்பக்கம் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்த கமலையில் கூனைக்கு அடியில் ஒரு தோல்வால் தொங்கும். மாடு சரிவில் இறங்கும்போது தண்ணீர் மேலே வரும். வால் வழியாகக் கொட்டும். வட இந்தியாவில் ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் சுமக்கும் பிஷ்டிகள் இருந்தார்கள். தோல்பைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. உள்ளே இருக்கும் அளவுக்கு அது சுருங்கிக்கொள்ளும், காலி இடமே இருக்காது. காலி இடம் இல்லையென்றால் தளும்பல் இல்லை. தோலும் தண்ணீரும் அப்போது நண்பர்கள். திண்டுக்கல்லில் அந்த நட்பு எப்படி முறிந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

19ஆம் நூற்றாண்டில் மண்ணெண்ணெய் வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் முதலில் மரப்பீப்பாய்களில் ஏற்றினார்கள். 1865இல் டென்ஸ்மோர் சகோதரர்கள் ரயிலின் தட்டையான பெட்டியில் இரண்டு பெரிய மரத்தொட்டிகளை நிறுத்தி எண்ணெய் ஊற்றி அனுப்பினார்கள். உயரமாக நின்ற தொட்டிகள் பாதுகாப்பாக இல்லை. சில ஆண்டுகளிலேயே படுக்கைவாட்டு இரும்பு உருளை வந்துவிட்டது. இன்று நாம் சாலையில் பார்க்கும் டேங்கரின் உருவம் அப்போது முடிவானது.

ஆசியாவுக்கு மண்ணெண்ணெய் தகர டின்களில் வந்தது. ஒரு மரப்பெட்டியில் இரண்டு டின். 1892இல் மார்கஸ் சாமுவேலின் மியூரெக்ஸ் என்ற கப்பல் டின் இல்லாமல், வயிற்றிலேயே மண்ணெண்ணெயை நிரப்பிக்கொண்டு சூயஸ் கால்வாயைக் கடந்தது. பிற்பாடு ஷெல் என்று ஆன நிறுவனத்தின் தொடக்கம் அது. செலவு குறைந்தது, ஆனால் ஆசிய வாடிக்கையாளர்கள் டின்னை விடத் தயாராக இல்லை. எண்ணெய் தீர்ந்த பிறகு டின்னுக்குத்தான் வேலை அதிகம். நம் வீடுகளில் அந்தச் சதுர டின்னுக்கு நடுவில் ஒரு கட்டையை அறைந்து தண்ணீர் எடுத்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. குழாயடி வரிசையில் குடத்துக்கு முன் நின்றது மண்ணெண்ணெய் டின்தான்.

டின்னும் பீப்பாயும் சிறிய அளவுகள். தளும்பினாலும் கை நனையும், அவ்வளவுதான். பெரிய தொட்டி வந்தபோது கணக்கு மாறிவிட்டது. கப்பல் கட்டுபவர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஒரு அகன்ற தொட்டியின் நடுவே நீளவாக்கில் ஒரு சுவர் எழுப்பினால் தளும்பலால் நிலைகுலையும் விளைவு பாதியாகக் குறையாது, கால்வாசியாகக் குறையும். அந்தச் சுவர் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை உலகம் 1987 மார்ச் 6 அன்று பார்த்தது. பெல்ஜியத்தின் ஸீப்ரூகே துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ் என்ற பயணக் கப்பலின் முன்கதவு மூடப்படவில்லை. கார்கள் நிற்கும் திறந்த தளத்தில் கடல்நீர் புகுந்து ஒரு பக்கமாக ஓடியது. துறைமுகத்தின் வாசலிலேயே கப்பல் சாய்ந்தது. 193 பேர் இறந்தார்கள்.

ராக்கெட்டுகளும் தப்பவில்லை. 1957இல் அமெரிக்காவின் ஜூப்பிட்டர் ஏவுகணை ஒன்று எரிபொருள் தளும்பியே கட்டுப்பாட்டை இழந்தது. பிறகு தொட்டிகளுக்குள் தடுப்புகள் வைத்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 2007 மார்ச்சில், ஸ்பேஸ்எக்ஸின் இரண்டாவது ஃபால்கன் 1 ராக்கெட் அதே காரணத்தால் சுற்றுப்பாதையை எட்டாமல் போனது. எடையை மிச்சப்படுத்த அந்தத் தொட்டியில் தடுப்பு வைக்கவில்லை. தளும்பல் அவர்களுடைய அபாயப் பட்டியலில் பதினோராவதாக இருந்ததாம். முதல் பத்தைத்தான் கவனித்தார்கள். மென்பொருள் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இந்தக் கதை எனக்கு ரொம்பப் பரிச்சயம். எங்கள் பட்டியல்களிலும் பதினோராவது வரிதான் எப்போதும் நள்ளிரவில் போன் பண்ணி எழுப்பும்.

467 கிணறுகள்

இனி திண்டுக்கல். மழைமறைவுப் பகுதி. ஒரு பக்கம் கொடைக்கானல் மலை, இன்னொரு பக்கம் சிறுமலை. குடகனாறு வடக்கே ஓடி அமராவதியில் சேர்கிறது, ஓடும் ஆண்டுகளில். நகராட்சி அமைந்தது 1866இல். அப்போதிருந்தே தண்ணீர் ஒரு பிரச்சினைதான். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம், பிறகு வைகையின் பேரணை, பிறகு காவிரிக் கூட்டுக் குடிநீர் என்று ஊர் தண்ணீரைத் தேடி மேலும் மேலும் தூரம் போனது. ஆனால் சுற்றியுள்ள சமவெளியின் கிராமங்கள் நம்பியிருந்தது கிணற்றை.

இதே ஊரில் தோல் பதனிடும் தொழிலும் இருந்தது. பேகம்பூர், நாகல் நகர் பக்கம் போனால் வாடையே வழி சொல்லும். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட காலத்தில் தோல்ஷாப்பின் கழிவு நாற்றம் அடித்தது, ஆனால் பட்டைச்சாறு மண்ணில் மக்கிப்போனது. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுமையாக முடித்த தோலை விற்றால்தான் நாட்டுக்கு அந்நியச் செலாவணி என்பது வாதம். தப்பான வாதம் இல்லை. அதோடு குரோமியம் பெருகியது. பச்சைத்தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு ஏற்கெனவே இருந்தது. இரண்டும் சேர்ந்து வாய்க்காலில் இறங்கின. உப்பு மக்காது. தண்ணீர் போகிற இடமெல்லாம் போகும், தண்ணீர் ஆவியானாலும் தங்கிவிடும்.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. சட்டம் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் இதைப் படித்திருப்பார்கள். முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு அது. வேலூர் பெயர் இருப்பதால் அது வேலூர்க் கதை என்றே நினைக்கிறோம். தீர்ப்பின் உத்தரவு ஐந்து மாவட்டங்களுக்கு. அதில் ஒன்று அப்போது திண்டுக்கல் அண்ணா என்று பெயர் கொண்டிருந்த மாவட்டம். ஒவ்வொரு தோல் ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம்.

தீர்ப்பின் உள்ளே ஒரு கணக்கு வருகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு அமைப்பு கிணறுகளை எண்ணியிருக்கிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட கிணறுகள் மொத்தம் 467. அவற்றில் 350 மாசுபட்டுவிட்டன. நான்கில் மூன்று.

எனக்கு இந்த எண் ஒரு நீதிமன்றத் தகவலாகத் தோன்றுவதில்லை. 350 கிணறு என்றால் 350 கமலைத்தடம், 350 பம்ப்செட், அதைச் சுற்றிய தென்னை, வெங்காயம், மாட்டுத்தொட்டி. ஒரு கிலோ தோலை முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. தண்ணீர் சுமந்த தோல், தண்ணீரைக் கெடுத்த தோலாக ஆனது இப்படித்தான். கெட்ட கிணற்றின் பக்கத்தில் குடியிருப்பவருக்கு அதற்குப் பிறகு இரண்டே வழி. குழாய் வரும்வரை காத்திருக்கணும். இல்லையென்றால் லாரிக்குப் போன் போடணும்.

மழை பொய்த்த ஆண்டுகளில் ஊருக்குள் இருப்பவருக்கும் அதே நிலைதான். எனவே தண்ணி லாரி வறட்சியின் குழந்தை மட்டுமில்லை. அதன் பிறப்புச் சான்றிதழில் பாதி அந்த வாய்க்காலில் எழுதப்பட்டது.

நடுவாந்தரம்

திண்டுக்கல் பழனி ரோட்டில் தண்ணி லாரி வைத்திருக்கும் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வாலிபத்தில் நாமக்கல் வண்டிகளில் கேஸ் டேங்கர் ஓட்டியவர். தென்னிந்தியாவின் சமையல் எரிவாயு டேங்கர் தொழிலுக்கு நாமக்கல்தான் தலைநகர். உரிமையாளர் சங்கமே அங்கேதான் இருக்கிறது.

"எதுண்ணே ஓட்டக் கஷ்டம்? கேஸா, தண்ணியா?" என்றேன்.

"தண்ணிதான் தம்பி. சந்தேகமே இல்ல."

"கேஸ் வெடிக்குமேண்ணே."

"வெடிக்கும். அதான் பயந்து ஓட்டுறோம். தண்ணிக்கு எவன் பயப்படுறான்?" டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "கேஸ் வண்டி போறப்ப முழுசு, வர்றப்ப காலி. தண்ணி வண்டி எப்பவுமே நடுவாந்தரம். ஒரு வீட்ல ரெண்டாயிரம் இறக்குவோம், அடுத்த வீட்ல மூவாயிரம். ஒவ்வொரு வாட்டியும் வண்டி வேற வண்டி ஆயிரும். காலைல பழகுன பிரேக்கு மத்தியானம் வேலைக்காவாது."

இதைவிடத் தெளிவாக எந்தப் பொறியியல் நூலும் சொல்லிவிடாது என்று நினைக்கிறேன். அவர் சொன்னதைக் கணக்காகப் பார்த்தால் இன்னும் விளங்கும். எரிவாயு டேங்கரை முழுக்க நிரப்ப மாட்டார்கள். வெயிலில் திரவம் விரியும் என்பதால் ஏறக்குறைய 85 விழுக்காட்டோடு நிறுத்துவார்கள். மிஞ்சும் இடம் கொஞ்சம்தான், தளும்பலும் கொஞ்சம்தான். அந்தத் திரவத்தின் எடையும் தண்ணீரில் பாதி அளவே. பெட்ரோல் டேங்கரில் தனித்தனி அறைகள் உண்டு. ஒரு பங்க்கில் ஒரு அறையை முழுதாகக் காலி செய்துவிடலாம். தண்ணி லாரியில் பெரும்பாலும் ஒரே தொட்டி, கனமான திரவம், தெருத்தெருவாகக் குறைந்துகொண்டே போகும் அளவு. இயற்பியல் சொல்லும் மோசமான நிலை எதுவோ அதுதான் இந்தத் தொழிலின் அன்றாடம்.

அவர் ஓட்டும் முறையைக் கேட்டேன். வளைவுக்குள் போய் பிரேக் பிடிக்கக் கூடாது, வெளியிலேயே குறைத்துக்கொண்டு நுழையணும். நிறுத்தினாலும் காலை எடுக்கக் கூடாது. "ஒருவாட்டி வந்து முட்டிட்டுப் போகட்டும், அப்புறம் எடு." கியரைச் சட்டென்று மாற்றக் கூடாது. முன்வண்டிக்கும் நமக்கும் இடையே இரண்டு வண்டி இடம் விடணும். "எடம் விட்டா நடுவுல ஒரு ஆட்டோக்காரன் வந்து சொருகிடுவான். திரும்பவும் எடம் விடணும். அதுக்குப் பொறுமை வேணும் தம்பி. ட்ரிப்புக்குக் காசு வாங்குறவனுக்குப் பொறுமை எங்கருந்து வரும்?"

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் தனி ஏற்பாடு வைத்திருக்கின்றன. ஓட்டுநர் மூன்று நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற வேண்டும், அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். வண்டியின் மேல் ஆபத்தைச் சொல்லும் பலகை, சரக்கின் எண், அவசரத் தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். தண்ணீர் அந்தப் பட்டியலில் இல்லை. எப்படி இருக்கும்? தண்ணீர் எரியாது, நஞ்சும் இல்லை. சட்டம் கேட்பது, கொட்டினால் என்ன ஆகும் என்ற கேள்வியை. தளும்பினால் என்ன ஆகும் என்று அது கேட்பதில்லை.

நிறைகுடமும் தளும்பும்

எரிவாயு வண்டிகள் பாதுகாப்பானவை என்று இதற்கு அர்த்தமில்லை. 2012 ஆகஸ்ட் 27 இரவு, மங்களூரிலிருந்து கோழிக்கோடு நோக்கிப் போன டேங்கர் கண்ணூர் அருகே சாலா என்ற இடத்தில் சாலைத் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. கசிந்த எரிவாயு பற்றிக்கொண்டு 20 பேர் இறந்தார்கள், பலர் சாலையோர வீடுகளில் இருந்தவர்கள். 2025 ஜனவரி 3 அதிகாலை, கொச்சியிலிருந்து வந்த டேங்கர் கோயம்புத்தூர் அவினாசி சாலை மேம்பாலத்தில் திரும்பும்போது வண்டியிலிருந்து தொட்டி தனியே பெயர்ந்து விழுந்தது. உள்ளே 18 டன் எரிவாயு. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக்கொண்டே நின்றார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. பட்டியலில் இருக்கும் சரக்கு என்பதால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த நடைமுறை இருந்தது. அதைச் செய்தார்கள்.

பழமொழியின் மறுபாதியையும் சோதித்துவிட வேண்டும். நிறைகுடம் தளும்பாது, சரி. 1978 ஜூலை 11 அன்று ஸ்பெயினில் ஒரு டேங்கர் அளவுக்கு மீறிப் புரொப்பிலீன் ஏற்றிக்கொண்டு கடலோரச் சாலையில் போனது. 19 டன் சொச்சம் ஏற்ற வேண்டிய தொட்டியில் 23 டன்னுக்கு மேல். விரிவதற்கு இடமில்லை, அழுத்தத்தை விடுவிக்க வால்வும் இல்லை. லாஸ் அல்ஃபாக்கஸ் என்ற விடுமுறை முகாமின் பக்கம் போகையில் தொட்டி வெடித்து 217 பேர் இறந்தார்கள். ஆக, காலி இடம் விட்டால் தளும்பும், விடாவிட்டால் வெடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓட்டுவதுதான் டேங்கர் ஓட்டுவது.

தண்ணி லாரிக்கு இதில் செய்யக்கூடியவை ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. தொட்டியை அறைகளாகப் பிரிக்கலாம், அறை அறையாகக் காலி செய்யலாம். பெட்ரோல் வண்டிகள் இதைத்தான் செய்கின்றன. உள்ளே தகடு இருக்கிறதா, துருப்பிடித்துப் பெயர்ந்துவிட்டதா என்று தகுதிச் சான்றிதழ் கொடுக்கும்போது ஒருவர் டார்ச் அடித்துப் பார்க்கலாம். ஓட்டுநருக்கு மூன்று நாள் வேண்டாம், அரைநாள் பயிற்சி போதும். பள்ளி விடும் நேரத்தில் தெருக்களுக்குள் விடாமல் இருக்கலாம். ட்ரிப் கணக்கில் கூலி கொடுக்கும்வரை இது எதுவும் முழுசாக வேலை செய்யாது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நாம் "இன்னும் லாரி வரலையா" என்று மூன்றாவது தடவை போன் பண்ணும்போது அந்த அவசரத்தில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஆனால் இவையெல்லாம் லாரி வந்த பிறகான ஏற்பாடுகள். அந்த 350 கிணறுகளில் இருந்த தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்திருந்தால், அதை யாரும் சாலையில் ஏற்றியிருக்க மாட்டார்கள். கிணற்றுத் தண்ணீருக்குத் தடுப்புத் தகடு தேவையில்லை, பிரேக் தேவையில்லை. ஒரு ஊரின் நீரை நகர வைத்ததற்கான விலை வாய்க்காலோடு முடிந்துவிடவில்லை. அது இன்றும் மூன்றரை நொடிக்கு ஒருமுறை முன்சுவரில் வந்து மோதிக்கொண்டிருக்கிறது.